மாலைப் பசி

மாணவர்களே, மாலை ஐந்து மணிக்கு மேல் ஆவடிப் பக்கத்துத் திடல்களில் எதற்கேனும் சென்று பாருங்கள். இளைஞர் கூட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இவ்வூரில் சிறப்புக் காவற்படை அணிகள் தங்கியிருக்கின்றன. மத்திய ரிசர்வ் காவற்படையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. நாள்தோறும் சீருடையைக் கண்டு வளர்கின்ற பிள்ளைகள் தாமும் ஒருநாள் அதனை அணிய விரும்புவது இயல்பே. காவலர் தேர்வுக்கு நிற்கும் ஆண்மகன் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்துக்குள் ஓடிக் கடக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஓடுகிறார்கள். ஓட வயதில்லாத என் போன்றவர்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்காவிலோ, அம்பத்தூர் ஏரிப் பக்கத்திலோ விரைந்து நடக்கிறோம். நல்ல காட்சிதான்.

ஆயினும் ஓட்டத்தைப்பற்றி இன்று நான் பேச வரவில்லை. ஓடி முடித்த பின் என்ன நடக்கிறது என்பதையே பேச வந்தேன். வியர்வை உலரும் முன்னே பெட்டிக்கடையில் ஒரு பொட்டலம் வறுவலும், நிறமேற்றிய இனிப்பு நீர் ஒரு புட்டியும் வாங்கப்படுகின்றன. பிறகு வீடு, வீட்டில் பாய், பாயில் கைப்பேசி. பசி வயிற்றைக் கிள்ளுகிறது. ஆயினும் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாரில்லை. எல்லோரும் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ஒருவர் அப்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஆயத்த ஆடை தைக்கும் கூடத்தில், பகல் முழுதும் தையற்பொறியின்முன் அமர்ந்திருந்துவிட்டுப் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நின்று வந்துகொண்டிருக்கிறார். அவர் அந்தப் பிள்ளையின் தாய்.

இதனை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் என் தெருவிலேயே இருக்கிறான். பெயர் வேண்டா. பட்டம் பெற்றவன், நல்ல ஓட்டக்காரன். ஒருநாள் மாலை ஏழு மணிக்கு ஏதோ ஒரு படிவத்தில் என் கையெழுத்து வேண்டுமென்று வந்தான். முகம் வாடியிருந்தது. "சாப்பிட்டாயா?" என்றேன். "அம்மா வந்து செய்வார்கள், சார்" என்றான். அவன் கையில் ஒரு பெரிய டப்பா இருந்தது. புரதப் பொடியாம். அதன் விலையைக் கேட்டேன். அவன் சொன்ன தொகை, அவர்கள் குடியிருந்த வீட்டின் மாத வாடகையில் பாதிக்கு மேல். அதனையும் அந்தத் தாய்தான் கொடுத்திருந்தார்.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியத் தொழிலில் பழகியவனுக்குக் கடிந்து பயனில்லை என்பது தெரியும். அவனை அழைத்துச் சென்று எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு முக்காலியில் அமர்த்தினேன். அன்று அங்கே அவனுக்குச் சொன்னவற்றையே சற்று விரித்து இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் உடம்பின் கணக்கு. நாம் ஓடும்போது தசைகள் எரிபொருளாகக் கொள்வது பெரும்பாலும் அவற்றிலே சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் பொருளை. அது மாவுச்சத்திலிருந்து உடம்பு ஆக்கிக்கொள்வது. ஓட்டம் முடிந்ததும் அந்தக் களஞ்சியம் குறைந்து கிடக்கிறது. அதனை நிரப்ப அரிசி, கோதுமை, கம்பு, கிழங்கு ஆகிய எதுவும் உதவும். இரண்டாவதாக, உழைத்த தசை தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளப் புரதம் வேண்டும். மூன்றாவதாக, வியர்வையாய்ப் போன நீரும் உப்பும் திரும்ப வேண்டும். இந்த மூன்றாவதற்கு உப்பிட்ட நீர்மோர் ஒரு பெரிய குவளை போதும். எலுமிச்சையும் உப்பும் கலந்த நீரும் ஆகும். இதற்கென்று நிறமேற்றிய புட்டி நீர் நம்மில் எவருக்கும் தேவையில்லை.

புரதத்துக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவுப்படி, ஒருவருடைய எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு 50 கிராம். கடும் பயிற்சி செய்பவனுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். இப்போது கடலைக் கணக்குப் போடுவோம். 50 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 10 கிராம் புரதம். 150 கிராம் கோதுமை மாவில் 16. ஒரு கைப்பிடிப் பருப்பு, அதாவது 40 கிராமில் 9. ஒரு பிடி வேர்க்கடலை, 30 கிராமில் 7. ஒரு குவளைத் தயிரில் 6. கூட்டிப் பாருங்கள்: 48. ஒரு மாலை உணவிலேயே இவ்வளவு! காலையும் நண்பகலும் உண்டது இதில் சேரவில்லை. அந்தப் பொடி டப்பாவுக்கு இங்கே இடமெங்கே இருக்கிறது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிகளும், தசை பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டா என்றே அறிவுரை கூறின.

"சைவ உணவுப் புரதம் தரம் குறைந்தது என்று பயிற்சிக்கூடத்தில் சொல்கிறார்களே, சார்" என்று அவன் கேட்டான். பாதி உண்மை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல கோத்த மாலை. தானியங்களில் லைசின் என்னும் மணி குறைவு. பருப்புகளில் அது நிறைய உண்டு. பருப்புகளில் மெத்தியோனின் குறைவு. அதைத் தானியம் தரும். தனித்தனியே இரண்டும் குறையுடையவை. சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்த்ததும், சோற்றுக்குச் சாம்பார் வைத்ததும், பொங்கலில் பாசிப்பருப்பு இட்டதும் இந்த வேதியியலை அறிந்தா என்றால், இல்லை. நாவும் வயிறும் பல தலைமுறையாய்ச் சோதித்துக் கண்டது அது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். பி12 என்னும் வைட்டமின் செடிகொடிகளில் கிடைப்பதில்லை. ஆகவே சைவ உணவு கொள்வோர் பாலையோ தயிரையோ மோரையோ கைவிடலாகாது. எங்கள் வீட்டில் வழிவழியாகச் சைவ உணவு. அதனால் அதனையே பேசுகிறேன். பிறர் உண்பதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை. சத்துணவில் முட்டை வந்தபின் வகுப்பறையில் பிள்ளைகளின் கண்களில் ஒளி கூடியதைத் தலைமையாசிரியனாக இருந்து பார்த்தவன் நான்.

இந்த உணவு ஆராய்ச்சி வெளிநாட்டில் பிறந்து நமக்கு வந்தது என்று எண்ணிவிட வேண்டா. அது வளர்ந்த இடங்களுள் ஒன்று நம் குன்னூர். 1918-ஆம் ஆண்டு, அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப்பற்றி ஆராயத் தொடங்கினார். அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் மிகுந்திருந்தது. தவிட்டை முற்றும் நீக்கித் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்டவர்களின் கால்கள் வலுவிழந்தன, இதயம் தளர்ந்தது. நெல்லைப் புழுக்கி அரிசியாக்கியவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் பாட்டிமார் புழுங்கலரிசியை உரமான உணவு என்று சொன்னதற்கு ஆய்வுக்கூடச் சான்று இப்படிக் கிடைத்தது.

மெக்காரிசன் பின்னர் வேறொன்று செய்தார். இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்டவை எல்லாவற்றினும் நன்கு வளர்ந்தன. சென்னைப் பக்கத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. இதைக் கேட்டு நம்மவர் சிலர் நாணினர், சிலர் சினந்தனர். அரிசி தாழ்ந்தது, கோதுமை உயர்ந்தது என்று மேலெழுந்தவாறு முடிவு கட்டியோரும் உண்டு. ஆனால் அந்த எலிகளின் தட்டைப் பாருங்கள். சீக்கியர் தட்டில் தவிடு நீக்காத கோதுமை அப்பம், பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறிகள், கிழமைக்கு ஒரு முறை சிறிது இறைச்சி ஆகியவை இருந்தன. நம் தட்டில் தீட்டிக் கழுவிய அரிசி நிறைய. பாலும் மோரும் கொஞ்சம். அதற்குமேல் காப்பி, வெற்றிலைப்பாக்கு. குறை அரிசியில் இருந்தது என்பதைவிட, அரிசியைச் சூழ்ந்து நிற்க வேண்டியவை இல்லாமற்போனதில் இருந்தது என்பதே பொருந்தும். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, நான் முன்னர்ச் சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது. இன்றைய மாணவர் விடுதி உணவையும், வறுவல் பொட்டலத்தையும் அந்த எலிகளுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

இனி அடுக்களைக்கு வாருங்கள். ஒரு சாதாரண மாலையில் நான் செய்வதைச் சொல்கிறேன். விருந்தன்று, வெள்ளிக்கிழமையுமன்று.

கொண்டைக்கடலையைக் காலையிலேயே கழுவி, மூழ்கும் அளவுக்கு மூன்று பங்கு நீர் விட்டு வைத்துவிடுகிறேன். எட்டு மணி நேரம் ஊற வேண்டும். இதனை மறந்தால் மாலையில் எந்தச் சாமர்த்தியமும் உதவாது. சிலர் ஆப்ப சோடாவைப் போட்டு விரைவில் வேகவைப்பார்கள். வேண்டா. சோடாவின் காரத்தன்மை அந்தத் தயமினை அழித்துவிடும். குன்னூரில் அரும்பாடுபட்டுக் கண்டறிந்ததை ஒரு சிட்டிகையில் இழப்பானேன்?

அடுத்தது ரொட்டி. பிரெட்டு என்று கடையில் வாங்குகிறோமே, அதுதான். இதை வீட்டில் சுடலாம் என்றால் மாணவர்கள் வியப்படைகிறார்கள். கோதுமையே நம் வீடுகளுக்குள் பெருகப் புகுந்தது அண்மைக் காலத்தில்தான். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, பங்கீட்டுக் கடைகளில் கோதுமையைக் கண்டு திகைத்தவர் தமிழ்நாட்டில் பலர். அதன்பின் சப்பாத்தி நம் இரவு உணவாயிற்று. ரொட்டி மட்டும் கடைச் சரக்காகவும், காய்ச்சல்காரர் உணவாகவுமே நின்றுவிட்டது.

மாலை நாலே முக்காலுக்கு 300 கிராம் கோதுமை மாவு எடுக்கிறேன். ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்க்கிறேன். கைபொறுக்கும் சூட்டில் 200 மில்லிலிட்டர் தண்ணீர். மாவு முரண்டு பிடித்தால் இன்னும் கொஞ்சம். கை பொறுக்காத சூடு ஈஸ்டுக்கும் பொறுக்காது. 60 பாகையை எட்டினால் அது மடிந்துவிடும். பிறகு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ விட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். வானொலியில் மாவைத் தொட்டுக் காட்ட இயலாது. ஆகவே உங்கள் காது மடலை இரு விரலால் பிடித்துப் பாருங்கள், அதுதான் பதம். பாத்திரத்தை ஈரத்துணியால் மூடிவிட்டு நான் நடைக்குப் புறப்படுகிறேன்.

இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. நீங்கள் ஓடும் ஒரு மணி நேரமும் மாவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் தசைகளும் சர்க்கரையை எரித்துக் கரியமில வாயுவைத்தான் வெளியிடுகின்றன. உங்களிடமிருந்து அது மூச்சாய் வெளியேறிவிடுகிறது. மாவில் அது சிறைப்படுகிறது. கடும் ஓட்டத்தில் உயிர்வாயு போதாதபோது உங்கள் தசை சர்க்கரையைப் பாதிவழியில் லாக்டேட்டாக மாற்றுகிறது. மாவுக்குள் உயிர்வாயு இல்லாதபோது ஈஸ்ட் அதனைச் சாராயமாக மாற்றுகிறது. அஞ்ச வேண்டா, அது அடுப்புச் சூட்டில் ஆவியாகிவிடும். நொதித்தல் வெறும் இரசாயன மாற்றமன்று, உயிர்களின் செயல் என்பதை 1850-களின் இறுதியில் நிலைநாட்டியவர் லூயி பாஸ்டர். குன்னூர் நிலையத்தின் பெயரில் இருக்கும் பாஸ்டர் அவரேதான். பாடநூலில் இரு வேறு இயல்களில் நீங்கள் நெட்டுருப் போடும் செய்திகள் ஒரே மாலையில் உங்கள் உடம்பிலும் பாத்திரத்திலும் நடந்துகொண்டிருக்கின்றன.

வாயுவைச் சிறைப்பிடிப்பது எது? கோதுமை மாவைப் பிசையும்போது உண்டாகும் குளூட்டன் என்னும் இழுபசை. மாவு உருண்டையை ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்தால் வெண்மாவு போய், இரப்பர் போன்ற ஒன்று கையில் எஞ்சும். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலுள்ள போலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி இதனைப் பிரித்துக் காட்டினார். நீங்களும் பத்து நிமிடத்தில் காட்டலாம். செலவு ஒரு பிடி மாவு. அரிசியில் இந்த இழுபசை கிடையாது. அதனால்தான் வெறும் அரிசி மாவு உப்பி நிற்பதில்லை. வாயு வந்த வழியே போய்விடும். நம் முன்னோர் அதற்குக் கண்ட துணைவன் உளுந்து. அரைத்த உளுந்தின் வழவழப்பும் அதன் புரதமும் இட்லி மாவில் காற்றைப் பிடித்து வைக்கின்றன. இட்லி மாவை எழுப்புவதில் பெரும்பங்கு ஈஸ்டுக்கன்று. லூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிருக்கு. அது தானே வந்து சேர்கிறது; கடையில் வாங்க வேண்டியதில்லை. இந்த வகையில் இட்லி ரொட்டியைவிட நுட்பமான படைப்பு என்பது என் துணிபு. இதனை மேலைநாட்டு நண்பர் எவரிடமும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆறேகாலுக்குத் திரும்பினால் நம் சென்னை வெப்பத்தில் மாவு இருமடங்காகியிருக்கும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று எழுதியிருக்கும். அதனை நம்பிக் காத்திருந்தால் சித்திரை வைகாசியில் மாவு புளித்து அமிழ்ந்துவிடும். கையால் மெல்லத் தட்டிக் காற்றை வெளியேற்றி, நீளுருண்டையாக்கி, எண்ணெய் தடவிய தகரத்தில் வைத்தால் அரைமணியில் மீண்டும் எழும். மோரைக் குடிப்பதும், கை கால் கழுவுவதும், கடலையைக் குக்கரில் ஏற்றுவதும் இந்த அரைமணியில்தான். ஐந்தாறு விசில் வந்ததும் இறக்கி, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவினால் சுண்டல். பசி மிகுந்தவர் அதில் ஒரு கிண்ணம் அப்போதே உண்ணலாம், நான் உண்கிறேன்.

ஏழு மணிக்கு ரொட்டி மின்னடுப்புக்குள் போகிறது: 190 பாகை, 35 நிமிடம். மின்னடுப்பு இல்லாத வீடே இப்பகுதியில் மிகுதி. அதற்காகத் தளர வேண்டா. கனத்த பழைய குக்கர் ஒன்றில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, இரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கிவிட்டு மூடிப் பத்து நிமிடம் காயவிட்டால் அதுவே அடுப்பாகும். ரொட்டித் தகரத்தை வளையத்தின்மேல் வைத்துச் சிறுதீயில் முக்கால் மணிக்கு மேல் விடுக. மேற்புறம் வெளுத்திருக்கும்; திருப்பித் தோசைக்கல்லில் சற்று வாட்டினால் சிவந்துவிடும். வெந்ததா என்று அறிய அடிப்புறத்தை விரலால் தட்டுங்கள். வெற்றுப்பானையைத் தட்டிய ஓசை வந்தால் வெந்தது.

இட்லி ஏன் சிவப்பதில்லை, ரொட்டி ஏன் சிவக்கிறது? திறந்த பாத்திரத்து ஆவியின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. ரொட்டியின் உட்புறமும் ஈரம் உள்ளவரை அதனைத் தாண்டுவதில்லை. அதனால் வெண்மையாய் மெத்தென்று இருக்கிறது. மேற்புறம் உலர்ந்து சூடேறியபின், சர்க்கரையும் அமினோ அமிலமும் கூடிப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதனை விளக்கிய மையார் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயரால் இவ்வினை வழங்குகிறது. தோசையின் முறுகலும், வறுத்த காப்பிக் கொட்டையின் மணமும் இதன் உறவினரே.

கடை ரொட்டியைப் போல் பஞ்சாக வருமா என்று கேட்பீர்கள். வராது. முழுக் கோதுமையின் தவிடு இழுபசையைக் கிழிக்கும். வீட்டு ரொட்டி அடக்கமாகத்தான் எழும். கடையில் பழுப்பாக இருப்பதெல்லாம் கோதுமை ரொட்டி என்றும் கருத வேண்டா. உறையில் சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போட வேண்டுமென்பது சட்டம். முதலில் மைதா என்றிருந்தால், நிறம் எதுவாயினும் அது மைதா ரொட்டியே. முட்டையும் இதற்கு வேண்டியதில்லை. மாவும் நீரும் உப்பும் ஈஸ்டும் போதும். ஈஸ்ட் கிடைக்காத காலத்திலும் இக்கலை நடந்தது. போர்த்துக்கீசியர் கோவாவில் கள்ளை விட்டு மாவைப் புளிக்க வைத்தார்கள். ஆப்பத்துக்குக் கள் விடுவதை நம் நாட்டாரும் அறிவர். அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில் 1880-ஆம் ஆண்டு ரொட்டிக் கடை வைத்த மாம்பள்ளி பாப்பு என்பவர், 1883-இல் ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரர் காட்டிய மாதிரியைச் சுவைத்துப் பார்த்தே கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்றும், மது வகைக்குப் பதில் உள்ளூர்ப் பழச்சாற்றைப் புளிக்க வைத்துச் சேர்த்தார் என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அயல்நாட்டுப் பொருளைத் தன் ஊர்ச் சரக்கால் செய்துகாட்டிய அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

ரொட்டி வேகும்போது கீரைக் கூட்டு. பூவிருந்தவல்லிக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் முளைக்கீரைக் கட்டு ஒன்றை முதலில் கழுவி, பிறகு நறுக்குக. நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போகும். வெந்த பாசிப்பருப்போடு சேர்த்து, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எலுமிச்சையின் வைட்டமின் சி, கீரையிலும் கடலையிலும் உள்ள இரும்பை உடம்பு ஏற்க உதவும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அதே இரும்பை அது தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுக்கலாம். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதனை அழுத்திச் சொல்கிறேன். ரொட்டிக்குக் கீரைக் கூட்டா என்று சிரிக்க வேண்டா. ஒருமுறை தோய்த்து உண்டு பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

இனி அந்த மாணவனைப்பற்றி. முதல் நாள் சுண்டல் கற்றான். ஒரு வாரத்தில் கூட்டு. ரொட்டிக்கு மூன்று முறை பிடித்தது. முதல் ரொட்டியை அவன் வீட்டு வாசலில் நாய்கூட முகர்ந்துவிட்டுச் சென்றது. அவன் நண்பர்கள், "ஆண்பிள்ளைக்கு அடுப்பங்கரையா?" என்று நகைத்தார்களாம். நான் அவனுக்கு எங்கள் ஆசிரியப் பயிற்சிக் காலத்தைச் சொன்னேன். விடுதியில் சமையற்காரர் இல்லாத நாள்களில் முறை வைத்து நாங்களே சமைத்தோம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கப் போகிறவனுக்குப் பத்துப் பேருக்கு உலை வைக்கத் தெரியவில்லையென்றால் சிரிப்பார்கள். கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்க வேண்டுமென்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டைப்பற்றித் தேர்வில் எழுதுவதோடு எங்கள் படிப்பு நிற்கவில்லை. ஓடுகிற கால் ஆணுடையது, சமைக்கிற கை பெண்ணுடையது என்ற பங்கீடு எந்த உடற்கூற்று நூலிலும் இல்லை. காவற்படைக் கூடாரங்களில் சமைப்போரும் சீருடை அணிந்தவர்களே.

அவன் தாயார் ஒருநாள் என் மனைவியிடம் வந்து பேசினார். முதன்முதலில் மூடி வைத்த தட்டைக் கண்டபோது, பக்கத்து வீட்டில் யாரோ கொடுத்தனுப்பியது என்று எண்ணினாராம். மகன் செய்தது என்று தெரிந்தும் நம்பவில்லை. "பிள்ளை பிறந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு அம்மா, வேலைவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்" என்றார். அதற்குமேல் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மனைவியும் பேசவில்லை.

அவன் காவலர் தேர்வில் வென்றானா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எழுத்துத் தேர்விலேயே மதிப்பெண் போதாமல் நின்றுவிட்டான். ஓட்டத்துக்கு அழைப்பே வரவில்லை. இப்போது மறுபடியும் படிக்கிறான். சுண்டலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொடி டப்பா தீர்ந்தபின் இரண்டாவது வாங்கவில்லை. வெற்று டப்பாவில் அவன் தாயார் துவரம்பருப்பு கொட்டி வைத்திருக்கிறார்.

சுட்ட ரொட்டியைச் சூட்டோடு வெட்டாதீர்கள், உள்ளே பசையாகிவிடும். முக்கால் மணி ஆறவேண்டும். இரண்டு நாள் இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கலாம். மிஞ்சியதை இரண்டாம் நாளே துண்டாக்கிச் சிறுதீயில் மொறுமொறுப்பாக உலர்த்தி டப்பாவில் அடைத்தால் காலைப் பாலுக்கு ஆகும். மாவு பிசைந்த பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வெந்நீர் விட்டால் பசை இறுகி ஒட்டிக்கொள்ளும். சமைத்தவர்தான் அதனையும் கழுவ வேண்டும், தாயார் வருவதற்குள்.